பொறை

எனக்கு விவரம் தெரிந்த நாளாய்த் திருப்பூர்
அடுத்தவன் லேபிளைத் தன் துணியில் வைத்துத் தைக்கிறது.
நாங்கள் திருப்பிப் போட்டோம்.
துணி அடுத்தவருடையது, லேபிள் எங்களுடையது.
ஏழு பாட்டு. ஒன்றுகூட நாங்கள் எழுதியதில்லை.

இரும்பொறை என்று குழுவுக்குப் பேர் வைத்தபோது
மேகவர்ணாவுக்கு வயது பத்தொன்பது.
வரலாற்று வகுப்பில் தூங்கி விழித்தபோது
கரும்பலகையில் நின்றிருந்த சொல்.
'எவ்வளவு சத்தமான பேரு!' என்றாள்.
பொறைக்குப் பொறுமை என்றும் அர்த்தமுண்டு.
அப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை.

போன ஆடியில் நவநீதனின் இடது காதுக்குள்
ஓர் ஓவர்லாக் மிஷின் ஓடத் தொடங்கியது.
கரண்ட் போனாலும் நிற்பதில்லை.
'டிரம்ஸை விட்டுடுங்க, இல்லாட்டி மெதுவா வாசிங்க'
என்றார் அவிநாசி ரோட்டு டாக்டர்.
இரண்டாவதுதான் கேட்டது என்றான் நவநீதன்.
முதலாவதைச் சொல்லும்போது
டாக்டர் இடப்பக்கம் நின்றிருந்தாராம்.

சொந்தப் பாட்டே மெதுவாய்ப் பண்ணலாமே என்றேன்.
'எழுதினா எனக்குக் கத்தத்தான்டா வருது' என்றாள் மேகவர்ணா.
'ஒறம்பரைக்குப் போன ஊட்டுல சத்தம் போடுவமா?
அடுத்தவங்க பாட்டுன்னா
செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான போவோம்.'

ராயபுரத்தில் ஜெயசீலனின் மாமா குடோன்.
நிறம் ஒரு நூல் மாறிவிட்டதென்று
ஜெர்மனிக்காரன் வேண்டாமென்ற பனியன் துணி
கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாய்.
சத்தத்தைக் குடிக்க அதைவிட நல்ல சுவர் கிடையாது.
ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு
உள்ளங்கையால் தட்டினான் நவநீதன்.
அதுதான் டிரம்ஸ்.

நான் பகலில் செக்கிங் செக்‌ஷன்.
துணியை வெளிச்சத்தின் மேல் ஓடவிட்டு
ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.
வேகமாய் ஓடும்போது எந்தத் துணியும் நல்ல துணி.
பாட்டும் அப்படித்தான் போல.

நாலாவது பாட்டு, ஈரோட்டில்
எட்டு மாதமே இருந்த 'அபாயம் 440' குழுவினுடையது.
கேட்டைச் சாத்து, கேட்டைச் சாத்து என்று
முந்நூறு பேரோடு நாங்களும் குதித்திருக்கிறோம்.
மெதுவாக்கியதும் அந்த இடம் இடறியது.
தாளம் சரி, சுருதி சரி, அர்த்தம்தான் உட்காரவில்லை.

அனுமதி கேட்க, எழுதியவரைத் தேடிப் பிடித்தோம்.
பூவேந்திரன். இப்போது மஞ்சள் மண்டியில் தரகு.
போனில் பின்னால் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் வாசித்ததை அனுப்பியிருந்தோம்.
கொஞ்ச நேரம் விலை மட்டும் கேட்டது.
'மொதல்ல இப்படித்தானுங்க இருந்துச்சு.
அப்பா ஊட்டை உட்டுப் போன ராத்திரி
மெதுவாத்தான் எழுதுனேன்.
அப்பறம் மேடைக்குன்னு கத்த ஆரம்பிச்சுட்டம்.
காசெல்லாம் வேண்டாமுங்க.
ஒரு வார்த்தை மட்டும் மாத்திக்கங்க.
சாத்து இல்லீங்க, சாத்தாதே.
கத்துனதுல அதோட வாலு
நெம்பப் பேருக்குக் கேக்கவே இல்லை.'

அன்றிரவு, பக்கத்து கம்பெனி மிஷின்
ஷிஃப்ட் மாறி ஓய்ந்த இருபது நிமிடத்தில்
மேகவர்ணா அந்த 'தே'யைப் பாடினாள்.
பாடவில்லை, கீழே வைத்தாள்.
சரியாய் அந்நேரம் பார்த்து
காவலுக்கிருந்த ஒடியாக்காரர் பீதாம்பர்
கேட்டைச் சாத்தினார்.
நீளமாய் ஒரு கிரீச்.
இரண்டாம் தடவை பதியலாம் என்றான் ஜெயசீலன்.
மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.

ஸ்டீரியோ வேண்டாமென்று முடிவு செய்தோம்.
யாரும் காரணம் சொல்லவில்லை.
ஏழு பாட்டும் மோனோ.
எந்தக் காதில் வைத்தாலும் முழுசாய் இருக்கும்.

ஏழாவதின் கடைசியில், ஹெட்ஃபோனில் கேட்டால்,
கிட்டார் தந்தி அடங்கிக்கொண்டே போகிறது,
போகிறது,
மூட்டைகளுக்குள் எங்கோ இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
அதன் மேல் நவநீதன் கேட்கிறான்:

'முடிஞ்சுதா?'